இன், ஒன், அட்: எந்தப் பக்கத்துச் சொல் கேட்கிறது?

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சேர், எங்கள் ஊர் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். இப்போது நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் ரிசெப்ஷன் வேலை. வெள்ளைக்காரர் வந்தால் ஆங்கிலத்தில் பேசித்தான் ஆகவேண்டும். சொல் வருகிறது, டென்ஸும் ஓரளவு வருகிறது. இந்த இன், ஒன், அட், டு, ஃபோர் மட்டும் எங்கே எதைப் போடுவது என்று பிடிபடவே இல்லை. தமிழ் அர்த்தத்தோடு ஒரு பட்டியல் தர முடியுமா?" தான் வழக்கமாகச் சொல்லும் மூன்று வாக்கியங்களையும் கூடவே எழுதியிருக்கிறார். "ஐ வில் டிஸ்கஸ் அபவுட் யுவர் ரூம் வித் த மேனேஜர்." "ப்ளீஸ் வெயிட் த வேன்." "யூ கேன் ரீச் டு எல்ல பை த ட்ரெயின்." எல்ல என்பது பதுளை ரயில் பாதையில் உள்ள ஓர் ஊர்.

தம்பி, பட்டியல் தரமாட்டேன். தந்தால் இப்போது செய்கிற பிழைகளையே இன்னும் தைரியமாகச் செய்வீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நம்முடைய 'கு' உருபை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'கண்டிக்குப் போனேன்' என்றால் ஆங்கிலத்தில் 'டு'. 'தங்கச்சிக்கு ஒரு சட்டை வாங்கினேன்' என்றால் 'ஃபோர்'. 'ஆறு மணிக்குப் பெரட்டு', அதாவது தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டம், என்றால் 'அட்'. 'ஐந்நூறு ரூபாய்க்குத் தந்தான்' என்றால் மறுபடி 'ஃபோர்'. 'அவளுக்கு அட்டை என்றால் பயம்' என்பதில் அட்டைக்கு முன்னால் 'ஒவ்' வருகிறது: 'ஷீ இஸ் அஃப்ரெய்ட் ஒவ் லீச்சஸ்'. அவளோடு ஒட்டியிருந்த 'கு' காணாமலே போய், 'ஷீ' எழுவாயாக முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. 'வீட்டுக்குப் போகிறேன்' என்பதில் ஒன்றுமே கிடையாது, 'ஐ ஆம் கோயிங் ஹோம்' அவ்வளவுதான். ஒரே உருபுக்கு இத்தனை பதில். 'இல்' உருபும் அப்படியே. பெட்டியில் 'இன்', மேசையில் 'ஒன்', ஸ்டேஷனில் 'அட்', பஸ்ஸில் வந்தேன் என்றால் 'பை'. இதைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்து, வாடிக்கையாளர் முன்னால் நிற்கும்போது எந்த வரி என்று தேடிக்கொண்டிருக்க முடியுமா?

பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு பெட்டியும் ஒரு பூனையும் படம் போட்டிருப்பார்கள். பூனை பெட்டிக்குள், பெட்டிமேல், பெட்டிக்குக் கீழே. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு அது போதும். ஆனால் முன்னிடைச்சொல் என்றாலே, அதாவது பிரிப்பொசிஷன் என்றாலே, பொருள் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு மட்டும்தான் என்ற எண்ணத்தை அந்தப் படம் மனதில் பதித்துவிடுகிறது. பெரியவர்கள் பேசும் ஆங்கிலத்தில் 'வெயிட் ஃபோர்', 'டிபென்ட் ஒன்', 'இன்டரெஸ்டட் இன்' என்று வருபவற்றில் இடமும் இல்லை, பூனையும் இல்லை.

நான் பார்க்கச் சொல்வது வேறு. வாக்கியத்தில் ஒரு முன்னிடைச்சொல் நிற்கிறதென்றால் யாரோ கேட்டுத்தான் அது வந்திருக்கிறது. இடப்பக்கத்தில் இருக்கும் சொல் கேட்டிருக்கலாம், அல்லது வலப்பக்கத்தில் வரும் பெயர்ச்சொல் கேட்டிருக்கலாம். இடப்பக்கம் கேட்டதென்றால் காரணம் தேடாதீர்கள். அந்தச் சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். வலப்பக்கம் கேட்டதென்றால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும், அதை யோசித்தே கண்டுபிடிக்கலாம். இந்த இரண்டையும் கலந்துகட்டிப் படிப்பதால்தான் குழப்பம்.

முதலில் இடப்பக்கம். உங்கள் இரண்டாவது வாக்கியத்தைப் பாருங்கள். 'வெயிட்' என்ற வினைக்குச் செயப்படுபொருள் ஒன்று வேண்டுமானால் அது 'ஃபோர்' கேட்கும். ஆகவே 'ப்ளீஸ் வெயிட் ஃபோர் த வேன்'. ஏன் 'ஃபோர்' என்று கேட்காதீர்கள். நாம் ஏன் 'வேனுக்காக' என்கிறோம், ஏன் 'வேனை' என்பதில்லை என்று ஒரு வெள்ளைக்காரர் கேட்டால் உங்களுக்கும் பதில் இருக்காது. 'லிசன்' என்றால் 'டு': நாம் 'பாட்டுக் கேட்டேன்' என்று உருபே இல்லாமல் சொல்வதை அவர்கள் 'ஐ லிசன்ட் டு எ சோங்' என்பார்கள். 'டிபென்ட்' என்றால் 'ஒன்'. 'அப்ளை' வேலை கேட்டு எழுதுவதென்றால் 'ஃபோர்', எந்த நிறுவனத்துக்கு என்றால் 'டு'.

'லுக்' மட்டும் பெரிய குடும்பம். தலவாக்கலை வழியாக வருபவர்களிடம் சென் கிளெயார் நீர்வீழ்ச்சியைப் பாருங்கள் என்றால் 'லுக் அட்'. தொலைந்த பாஸ்போர்ட்டைத் தேடினால் 'லுக் ஃபோர்'. அவர்களுடைய குழந்தையை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டால் 'லுக் ஆஃப்டர்'. வெந்நீர் வரவில்லை என்ற முறைப்பாட்டை விசாரித்துப் பார்க்கிறேன் என்றால் 'லுக் இன்டு'. நாம் 'பார்' என்ற வினைக்குப் பின்னால் 'த்துக்கொள்', 'த்துவிடு' என்று துணைவினை சேர்த்துச் செய்கிற வேலையை அவர்கள் இந்தச் சின்னச் சொற்களை வைத்துச் செய்கிறார்கள்.

இப்போது உங்கள் முதல் வாக்கியமும் மூன்றாவது வாக்கியமும். இங்கே பிழை எதிர்ப்பக்கமாக நடந்திருக்கிறது. கேட்காத வினைக்கு முன்னிடைச்சொல் கொடுத்துவிட்டீர்கள். 'டிஸ்கஸ்' ஒன்றும் கேட்காது. 'ஐ வில் டிஸ்கஸ் யுவர் ரூம் வித் த மேனேஜர்' என்பதோடு சரி. 'ரீச்' என்பதும் கேட்காது: 'ரீச் எல்ல'. ஆனால் 'கெட்' போட்டால் 'டு' வேண்டும், 'யூ கேன் கெட் டு எல்ல பை ட்ரெயின்'. அந்த 'பை' பற்றிப் பிறகு வருகிறேன். 'என்டர்', 'மெரி', 'ஆன்சர்', 'அட்டென்ட்', 'கொன்டாக்ட்', 'ரிக்வெஸ்ட்' எல்லாம் இந்தக் கூட்டம்தான். நாம் தமிழில் 'அறைக்குள் நுழைந்தார்', 'கூட்டத்துக்குப் போனார்', 'அதைப் பற்றிப் பேசினோம்' என்று உருபோடு நினைப்பதால் கை தானாக 'இன்டு', 'டு', 'அபவுட்' என்று போட்டுவிடுகிறது.

ஆனால் இங்கேதான் சுவையான விஷயம் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 'டிஸ்கஸ்' என்ற வினை முன்னிடைச்சொல் கேட்காது. அதிலிருந்து பிறந்த 'டிஸ்கஷன்' என்ற பெயர் கேட்கும்: 'எ டிஸ்கஷன் அபவுட் த ரூம்'. 'ஐ ரிக்வெஸ்டட் லீவ்', ஆனால் 'மை ரிக்வெஸ்ட் ஃபோர் லீவ்'. 'ஷீ ஆன்சர்ட் த க்வெஸ்ச்சன்', ஆனால் 'ஹேர் ஆன்சர் டு த க்வெஸ்ச்சன்'. 'தே விசிட்டட் த ஃபெக்டரி', ஆனால் 'தெயர் விசிட் டு த ஃபெக்டரி'. தோட்டச் சம்பளப் பிரச்சினை பற்றி ஆங்கிலப் பத்திரிகையில் படித்தால் இரண்டு வடிவமும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும்: தொழிலாளர்கள் 'டிமான்டட் ஹையர் வேஜஸ்', அடுத்த வரியிலேயே 'த டிமான்ட் ஃபோர் ஹையர் வேஜஸ்'.

காரணம் என்னவென்றால், ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட வினை தன் செயப்படுபொருளை நேராகவே பிடித்துக்கொள்ளும். பெயர்ச்சொல்லால் அது முடியாது. இன்னொரு பெயரைத் தன்னோடு சேர்க்க அதற்கு நடுவில் ஒரு முன்னிடைச்சொல் வேண்டும். நாமும் அப்படித்தானே? 'சம்பள உயர்வைக் கோரினார்கள்' என்போம். ஆனால் 'உயர்வைக் கோரிக்கை' என்று யாரும் சொல்வதில்லை, 'உயர்வுக்கான கோரிக்கை' என்று மாறிவிடுகிறது. அந்த 'க்கான' செய்கிற வேலையைத்தான் அங்கே 'ஃபோர்' செய்கிறது.

பெயர்ச்சொற்களும் தங்களுக்கென்று ஒன்றை வைத்திருக்கும். பெரும்பாலும் 'ஒவ்' என்று ஊகித்தால் தப்பாது, ஆனால் ஹோட்டல் மேசையில் நிற்கும் உங்களுக்கு அவசியமான சில விலகல்கள் உண்டு. அறையின் சாவி 'த கீ டு த ரூம்', தாமதத்தின் காரணம் 'த ரீசன் ஃபோர் த டிலே', கட்டண உயர்வு 'என் இன்க்ரீஸ் இன் த ரேட்'. இவற்றில் 'ஒவ்' போட்டாலும் வந்தவருக்குப் புரியும், சண்டைக்கு வரமாட்டார். ஆனால் எழுதும் கடிதத்தில் போடாதீர்கள். பெயரடைகளும் இதே ரகம்: 'குட் அட்', 'ப்ரவுட் ஒவ்', 'மெரிட் டு', 'டிஃபரன்ட் ஃப்ரொம்'. 'மெரிட் வித்' என்று நம்மவர்கள் சொல்வதற்குக் காரணம் 'அவரோடு கல்யாணம்' என்கிற நம் 'ஓடு'தான்.

சரி, இனி வலப்பக்கம். இங்கே 'இன், ஒன், அட்' மூன்றும் வரும் பெயரை எப்படிப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தவை. ஒரு புள்ளியாகப் பார்த்தால் 'அட்', ஒரு பரப்பாகவோ கோடாகவோ பார்த்தால் 'ஒன்', நாலு பக்கமும் எல்லை உள்ள ஒன்றாகப் பார்த்தால் 'இன்'. பொருள் மாறத் தேவையில்லை, பார்வை மாறினால் போதும். நானுஓயா ரயில் நிலையம் பதுளைப் பாதையில் ஒரு நிறுத்தம், அதாவது கோட்டில் ஒரு புள்ளி. ஆகவே நுவரெலியாவுக்கு வருபவர்களிடம் 'கெட் ஒஃப் அட் நானுஓயா' என்று சொல்லுங்கள். அதே நானுஓயாவில் ஒருவர் குடியிருக்கிறார் என்றால் 'ஹீ லிவ்ஸ் இன் நானுஓயா'. உயரமும் அளவுகோலில் ஒரு புள்ளி என்பதால் 'அட்' கேட்கும்: பட்டிப்பொல நிலையம் கடல் மட்டத்திலிருந்து 'அட் 1,891 மீட்டர்ஸ்' நிற்கிறது, இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம் அதுதான்.

நம் ஊர்க்காரர் பலருக்கு இன்னும் ஒட்டாத ஒன்று, தோட்டம். ஆங்கிலத்தில் தோட்டத்தில் வேலை செய்வதைச் சொல்லும்போது 'ஒன் த எஸ்டேட்' என்பதுதான் வழக்கம், 'ஒன் எ ஃபார்ம்' என்பது போல. நிலம் பரந்து கிடக்கிற பரப்பு என்ற பார்வை. ஃபெக்டரிக்குச் சுவர் உண்டு, அது 'இன் த ஃபெக்டரி'. லயத்து அறை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் அறை, 'இன் எ லைன் ரூம்'. ஆகவே 'மை மதர் வேர்க்ஸ் ஒன் த எஸ்டேட் அண்ட் மை ஃபாதர் வேர்க்ஸ் இன் த ஃபெக்டரி' என்று ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரலாம்.

வாகனங்களும் இதே கணக்கு, ஆனால் கொஞ்சம் விசித்திரமான கணக்கு. உள்ளே எழுந்து நடக்கக்கூடிய வண்டி என்றால் 'ஒன்': 'ஒன் த பஸ்', 'ஒன் த ட்ரெயின்'. குனிந்து ஏறி உட்காரத்தான் முடியும் என்றால் 'இன்': 'இன் த கார்', 'இன் த திரீவீலர்'. ஏறுவதும் இறங்குவதும் அதைப் பின்பற்றும். பஸ்ஸில் 'கெட் ஒன், கெட் ஒஃப்', திரீவீலரில் 'கெட் இன், கெட் அவுட்'. எந்த வண்டி என்று காட்டாமல் பயண வகையை மட்டும் சொன்னால் 'பை', அப்போது 'த' போடக்கூடாது. உங்கள் 'பை த ட்ரெயின்' அங்கேதான் சறுக்கியது. 'பை ட்ரெயின்' என்றால் ரயில் மார்க்கமாக. குறிப்பிட்ட ரயில் என்றால் 'ஒன் த நைன் ஓ க்ளொக் ட்ரெயின்'.

மூன்றும் ஒரே வரியில் வேலை செய்வதைப் பார்க்க ஆசையா? தேயிலை வரலாற்றில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி: 1867ஆம் ஆண்டு கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். ஆங்கிலத்தில் 'ஜேம்ஸ் டெய்லர் ப்ளான்டட் டீ ஒன் நைன்டீன் ஏக்கர்ஸ் அட் லூல்கந்துர இன் 1867'. ஏக்கர் பரப்பு, ஆகவே 'ஒன்'. இடப்பெயர் இங்கே வரைபடத்தில் ஒரு புள்ளி, ஆகவே 'அட்'. வருஷம் நீளமான காலம், அதன் உள்ளே நடந்தது, ஆகவே 'இன்'. தமிழில் மூன்று இடத்திலும் 'இல்' போட்டு முடித்துவிடலாம்.

அசைவைக் காட்டும் சொற்களுக்கு நம் மலையிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. எல்லவிலிருந்து பதுளைக்குப் போகும் ரயில் ஒன்பது வளைவுப் பாலத்தின் மேலே போகும், அது 'ஓவர் த ப்ரிட்ஜ்'. தெமோதரை நிலையத்தில் நிற்கும், 'அட்'. பிறகு மலையைச் சுற்றி இறங்கும், 'ரவுண்ட் த ஹில்'. கடைசியில் தான் நின்ற அதே நிலையத்துக்குக் கீழே உள்ள சுரங்கத்தின் ஊடாக வெளியே வரும், 'த்ரூ எ டனல் அன்டர் த ஸ்டேஷன்'. எல்லவுக்குப் போகும் விருந்தினர்கள் இதைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். இந்த ஒரு பயணத்தை ஆங்கிலத்தில் தடங்கலில்லாமல் விவரிக்கப் பழகுங்கள், பெட்டியையும் பூனையையும் விட நூறு மடங்கு பிரயோசனம்.

காலத்தைச் சுருக்கமாகவே முடித்துவிடுகிறேன். மணிக்கு 'அட்', நாளுக்கு 'ஒன்', மாதத்துக்கும் வருஷத்துக்கும் 'இன்'. போயா தினம், அதாவது பௌர்ணமி விடுமுறை, ஒரு நாள், ஆகவே 'ஒன் போயா டே'. காலையில் 'இன் த மோர்னிங்', ஆனால் திங்கள் காலை என்று நாள் சேர்ந்தால் நாள்தான் ஜெயிக்கும்: 'ஒன் மன்டே மோர்னிங்'. 'நெக்ஸ்ட்', 'லாஸ்ட்', 'எவ்ரி' முன்னால் வந்தால் ஒன்றும் வேண்டாம். உங்கள் மேசையில் அதிகம் புரள்வது 'பை', 'அன்டில்' இரண்டும்தான். 'பதினொரு மணிக்குள் அறையைக் காலி செய்யுங்கள்' என்றால் 'பை லெவன்'. 'பத்து மணி வரை காலைச் சாப்பாடு உண்டு' என்றால் 'அன்டில் டென்'. இங்கே நம் தமிழ் நன்றாகவே கைகொடுக்கிறது: 'க்குள்' என்று வந்தால் 'பை', 'வரை' என்று வந்தால் 'அன்டில்'. மாற்றிப் போட்டால் விருந்தினர் பதினொரு மணி வரைக்கும் அறையைக் காலி செய்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

அடுத்தது நம்மவர்களுக்கு யாரும் சொல்லித் தராத ஒன்று. தமிழில் உருபு ஏற்ற சொல் இயல்பாக வினையைத் தேடித்தான் போகும். 'மேசையில்' என்று தொடங்கினால் 'வைத்தேன்', 'இருக்கிறது' என்று ஒரு வினை வந்தாக வேண்டும். அதைப் பெயரோடு சேர்க்க வேண்டுமானால் நடுவில் 'உள்ள', 'இருக்கிற', 'வந்த', 'பற்றிய' என்று ஏதாவது போடுவோம்: 'மேசையில் இருக்கிற புத்தகம்', 'பதுளையிலிருந்து வந்த டீச்சர்'. ஆங்கிலத்துக்கு அந்தப் பாலம் தேவையில்லை. 'த புக் ஒன் த டேபிள்', 'த டீச்சர் ஃப்ரொம் பதுளை'. முன்னிடைச்சொல் தொடர் பெயரின் வாலில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். இது தெரியாமல் நம் பிள்ளைகள் 'த புக் விச் இஸ் ஒன் த டேபிள்' என்று சுற்றி எழுதுகிறார்கள். பிழையில்லை, ஆனால் கனமாக இருக்கும்.

உங்களிடம் தினமும் யாராவது கேட்கக்கூடிய வாக்கியம் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். 'வீ நீட் எ ரூம் வித் எ வியூ ஒவ் த லேக் ஃபோர் டூ நைட்ஸ் ஃப்ரொம் ஃப்ரைடே.' ஏரி என்றால் கிரகரி வாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். 'வித்' அறையோடு ஒட்டியது, எப்படிப்பட்ட அறை என்று சொல்கிறது. 'ஒவ்' என்பதை 'வியூ' என்ற பெயர் கேட்டது. 'ஃபோர்' என்பதை இரண்டு இரவு என்ற கால அளவு கேட்டது, 'ஃப்ரொம்' என்பதை வெள்ளிக்கிழமை கேட்டது, இரண்டும் 'நீட்' என்ற வினையோடு சேர்கின்றன. தமிழில் 'வெள்ளிக்கிழமையிலிருந்து இரண்டு இரவுக்கு வாவி தெரிகிற அறை ஒன்று வேண்டும்' என்போம். 'வித் எ வியூ ஒவ்' என்ற நாலு சொல்லும் 'தெரிகிற' என்ற ஒற்றை எச்சத்துக்குள் அடங்கிவிட்டன. வரிசையும் தலைகீழ்: அவர்கள் கடைசியில் சொன்ன வெள்ளிக்கிழமையை நாம் முதலில் சொல்கிறோம். ஆகவே ஆங்கில வாக்கியத்தைக் கேட்கும்போது தமிழுக்கு மாற்றிக்கொண்டே போகாதீர்கள், பாதியில் தொலைந்துபோவீர்கள். ஒவ்வொரு முன்னிடைச்சொல்லிலும் ஒரு துண்டு தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டு துண்டு துண்டாக வாங்குங்கள்.

சில நேரம் துண்டு எதோடு ஒட்டியது என்று ஆங்கிலத்திலேயே தெளிவாக இருக்காது. 'த ஒஃபிசர் ஸ்போக் டு த வேர்க்கர்ஸ் ஒன் த எஸ்டேட்.' அதிகாரி தோட்டத்தில் வைத்துப் பேசினாரா, தோட்டத்துத் தொழிலாளர்களோடு வேறெங்கோ பேசினாரா? தமிழில் இந்த இரண்டையும் இரண்டு விதமாகத்தான் எழுத முடியும், ஆகவே நமக்கு இந்த மயக்கம் வராது. ஆங்கிலத்தில் சந்தேகமில்லாமல் சொல்ல வேண்டுமானால் துண்டை வாக்கியத்தின் முன்னால் கொண்டுபோய் வையுங்கள்: 'ஒன் த எஸ்டேட், த ஒஃபிசர் ஸ்போக்...' என்றால் அது வினைக்கு மட்டுமே உரியது.

'ஆல்' உருபு பற்றியும் ஒரு வார்த்தை. செய்தவர் என்றால் 'பை', கருவி என்றால் 'வித்'. கத்தியால் வெட்டினால் 'வித் எ நைஃப்'. ஆனால் கொழுந்து கையால் பறிக்கப்படுகிறது என்றால் 'பை ஹேண்ட்', ஏனென்றால் அது கருவியைச் சொல்லவில்லை, முறையைச் சொல்கிறது. தேத்தண்ணி பற்றிப் பேசும்போது இன்னொன்று: பொருள் உருமாறிப்போனால் 'மேட் ஃப்ரொம்', உருமாறாமல் கண்ணுக்குத் தெரிந்தால் 'மேட் ஒவ்'. தேயிலைத்தூள் 'மேட் ஃப்ரொம்' பச்சைக் கொழுந்து, மரக்கதிரை 'மேட் ஒவ்' மரம்.

படிக்கும் முறை கேட்பீர்கள் என்று தெரியும். ஒரு கொப்பி போடுங்கள். அதில் 'வெயிட்' என்று தனியாக எழுதாதீர்கள், 'வெயிட் ஃபோர் சம்படி' என்றே எழுதுங்கள். ஆங்கிலம் கற்போருக்கென்று இருக்கும் ஆங்கில-ஆங்கில அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் அது கேட்கும் முன்னிடைச்சொல்லையும் காட்டியிருப்பார்கள். தமிழ் அர்த்தம் மட்டும் தரும் அகராதியில் அது பெரும்பாலும் இருக்காது. ஹோட்டலுக்கு வரும் ஈமெயில்களை வாசிக்கும்போது முன்னிடைச்சொல்லைக் கண்டால் இடமா வலமா என்று மட்டும் பாருங்கள். இடப்பக்கத்துக்காரர்கள் மட்டும் கொப்பிக்குள் போகட்டும். வலப்பக்கத்துக்காரர்களை எழுதத் தேவையில்லை, யோசித்தால் வரும்.

ஈமெயில் என்றதும் ஞாபகம் வருகிறது. முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் வினை வந்தால் அது 'இங்' போட்டுப் பெயராக மாறித்தான் நிற்கும்: 'இன்டரெஸ்டட் இன் லேர்னிங்', 'தேங்க் யூ ஃபோர் கோலிங்'. இதில் 'டு' மட்டும் ஏமாற்றும், ஏனென்றால் 'ஐ வான்ட் டு கோ' என்பதில் வரும் 'டு' முன்னிடைச்சொல்லே அல்ல, அது வினையின் முன்னால் நிற்கும் வெறும் அடையாளம். எது எது என்று அறிய அந்த இடத்தில் ஒரு பெயரைப் போட்டுப் பாருங்கள். 'வீ லுக் ஃபோர்வர்ட் டு யுவர் விசிட்' என்று பெயர் பொருந்துகிறது, ஆகவே அந்த 'டு' முன்னிடைச்சொல். 'வான்ட் டு' என்பதற்குப் பின்னால் 'யுவர் விசிட்' பொருந்தாது. அப்படியென்றால் விருந்தினருக்கு நீங்கள் எழுதும் பதிலின் கடைசி வரி 'வீ லுக் ஃபோர்வர்ட் டு வெல்கமிங் யூ' என்று இருக்கவேண்டும், 'டு வெல்கம் யூ' என்று அல்ல.